குளத்துக்கு முதுகு காட்டி

விடியக்காலையில் ஃபெமினா குளத்தில் இறங்குவாள். அவள் மாமியார் வியாகுலமேரி மேல்படியில் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார். ஒரு மாசமாக ஊரில் இதுதான் பேச்சு.

மருமகள் பண்ணுகிற கூத்துக்கு மாமியார் பாவப் பரிகாரம் பண்ணுகிறாராம். பால் ஊற்றும் இடத்தில் கேட்டதைப் பக்கத்து வீட்டுச் செவந்தி வந்து சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஃபெமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூத்து ஒன்றுமில்லை. விராலிமலை ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாக நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் நீந்தும்போது பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளை ஆள் வேணுமாம். படிப்பு கேட்கவில்லை. குளத்தின் நீளத்தை எட்டுத் தடவை, நிற்காமல், ஆறு நிமிசத்துக்குள் நீந்திக் காட்டினால் போதும். வேலை கிடைத்தால் ஃபெமினாவின் மகளுக்கு அங்கேயே படிப்பு இலவசம்.

மாமியாரிடம் கேட்டபோது, "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலேயே கண்ணாக இருந்தார். மறுநாளிலிருந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

கிணற்றுக் கயிற்றால் அளந்து பார்த்ததில், படியிலிருந்து குளத்தின் நடுவில் நிற்கிற கல் வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடக் குளத்தின் நீளம்தான் இருந்தது. செவந்தி போனில் நேரம் பிடித்தாள். தினமும் ஆறு நிமிசத்தைத் தாண்டியது.

"ஏன்டி, போகையில கெண்டை மாதிரி போற. வரையில மூட்டை மாதிரி வர்ற" என்பாள்.

நடுக்கல்லில் திரும்பினால் எதிரே அந்த முதுகு தெரியும். பார்த்ததும் கை சோர்ந்துவிடும். இதை யாரிடம் சொல்வது?

வீட்டிலும் அப்படித்தான். ஒரு மத்தியானம் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து மாமியார் ஜெபமாலை உருட்டினார். சோறு நேரமாகிவிட்டதைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, ஃபெமினா அவசர அவசரமாகத் தட்டு வைத்தாள்.

குளிக்க வரும் ஆம்பளைகள்கூட இப்போதெல்லாம் இந்தப் படிக்கு வருவதில்லை. உன் மாமியார் மூஞ்சியைப் பார்த்தே ஓடிவிடுகிறார்கள் என்றாள் செவந்தி.

பள்ளிக்கூடத்தில் வரச்சொன்ன நாளுக்கு முந்தின காலை. செவந்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. மாமியாரிடம் போனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்ல ஃபெமினாவுக்கு வாய் வரவில்லை. சரி, இன்றைக்கு நேரமே வேண்டாம் என்று குதித்துவிட்டாள்.

குளத்தின் மேல் பனி புகை மாதிரி நின்றது. உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சுக்காக முகத்தைத் திருப்பும்போதெல்லாம் கரையிலிருந்து "மரியே" என்று ஒரு முணுமுணுப்பு வரும். முகம் உள்ளே போனால் சத்தமே இருக்காது. மறுபடி திரும்பினால் மறுபடி "மரியே". கொஞ்ச நேரத்தில் கை அந்த முணுமுணுப்போடு சேர்ந்துகொண்டது. யாரோ தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. முதுகு தெரிந்தது, ஆனால் கை சோரவில்லை. கடைசித் தடவை படியைத் தொட்டபோதுதான் முடிந்துவிட்டது என்றே தெரிந்தது.

"இன்னிக்கு எவ்வளவுன்னு தெரியாமப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டு முத்து மிச்சம்" என்றது அந்த முதுகு.

"என்ன அத்தே?"

"ஆறு நிமிசத்துக்கு முப்பது முத்து. கடியாரத்துக்கு முன்னாடி உக்காந்து சொல்லிப் பாத்துட்டேன். நேத்து அதுக்கு மேல நாலு முத்து போச்சு. இன்னிக்கு ரெண்டு மிச்சம். எடுத்ததுமே பறக்காம ஒரே சீராப் போன பாரு, அதான். நாளைக்கும் அப்படியே போ, ஆத்தா."

ஃபெமினா படியைப் பிடித்தபடியே நின்றாள்.

"திரும்பிப் பாக்காமயே எப்படித் தெரியும் அத்தே?"

"நீ தண்ணியில விழுகுற சத்தமும் படியத் தட்டுற சத்தமும் எனக்குக் கேக்காதா?"

"அப்புறம் ஏன் ஒரு நாள்கூட என் பக்கம் திரும்பல?"

வியாகுலமேரி அப்போதும் திரும்பவில்லை. துண்டை மட்டும் பின்னால் நீட்டினார். கண் ரோட்டின் மேலேயே இருந்தது.

"நனைஞ்ச துணியோட நிக்கிற ஒன்னையே நானும் பாத்துக்கிட்டிருந்தா, ரோட்டுல வர்ற ஆம்பளைகள இங்கிட்டு வராமத் திருப்பி விடுறது யாரு?"