பாட்டு முடியும்வரை

பெருநகர் கிராமத்து வீட்டின் கூடத்தில், மாவுக்கட்டு போட்ட காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள் சொக்கம்மாள். ஜன்னல் கம்பி வழியாக மாலை வெயில் அந்தக் கட்டின்மேல் கோடு கோடாக விழுகிறது. நேற்று பம்புசெட்டுத் தொட்டியருகே வழுக்கி விழுந்தவள், மகன் தினகரன் வரும்வரை சேற்றிலேயே கிடந்தாள். “அப்போ இன்னாடா கேட்டுக்கினு இருந்தே? எனக்கும் வையி” என்கிறாள். அவன் இயர்போனை அவள் காதில் மெதுவாகச் செருகுகிறான். ஐஸ்லாந்து ராக் குழு ஒன்றின் தொகுப்பு அது. இதுவரை வெளிவராத பாடல்களும், மின்கருவிகள் இல்லாமல் வாசித்துப் பதிந்தவையும் அதில் இருக்கின்றன. பியானோ தொடங்குகிறது. அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். விரல்கள் போர்வையின் ஓரத்தில் தாளமில்லாமல் அசைகின்றன. வெளியே உத்திரமேரூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. “பாஷை புரியலே, ஆனா நல்லாகீது. இத்த மாட்டிக்கினு இருந்தா நான் கத்துனது எப்டிடா கேக்கும்? உம்மேல இன்னா தப்பு, வுடு” என்று அவன் கையைத் தட்டிக்கொடுக்கிறாள். தினகரன் குனிந்து, சரியாகவே இருக்கும் போர்வையை இழுத்துவிடுகிறான். மிக மெல்லிய பாட்டு அது. நேற்று அம்மா கூப்பிட்டது ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. பாட்டு முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தான்.