காய் மட்டும்தான் உடைய வேண்டும்

மண்டையின் உச்சியைக் குறிபார்த்து பெலிக்ஸ் ஓங்கி அடித்தார். எதிரே நின்ற ஆண்டிச்சாமி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"போயிருச்சா?" என்றார், திறக்காமலே.

"போயிருச்சுண்ணே."

மண்டை, ஜவுளிக்கடைப் பொம்மையுடையது. போனது, அதன் உச்சியில் ஓட்டை போட்டு உட்காரவைத்திருந்த கோழிமுட்டை. அதற்கு மேல் இரும்புக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துத் தேங்காயால் அடித்ததில், காயும் உடைந்து, முட்டையும் உடைந்து, மஞ்சள் கரு பொம்மையின் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

கபடிக்காரர்களுக்கு முழங்கால் உறை, கிரிக்கெட் பையன்களுக்கு பேடு, தலையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மெத்தைத் தொப்பி என்று அடிபடும் உடம்புகளை நம்பியே திண்டுக்கல்லில் பிழைப்பவர் பெலிக்ஸ். சொன்ன விலைக்கு ஆண்டிச்சாமி தலையாட்டியபோதே அவருக்குச் சந்தேகம். இந்த ஊரில் பேரம் பேசாமல் ஒருவர் சாமான் வாங்கினால், ஒன்று அவர் வெளியூர்க்காரர், இல்லையென்றால் வீட்டில் இடி விழுந்திருக்கிறது.

ஆண்டிச்சாமிக்குக் கன்னிவாடிப் பக்கம்தான். விழுந்தது இடி.

"எம்மகன் முகேசு, ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுறவன். லாரி கவுந்து மண்டையில ஆபரேசன். உச்சியில ஒரு சில்லு எலும்பை எடுத்துட்டாக. அந்த எடத்துல வெறும் தோலுதேன். சும்மா தட்டுனாக்கூட ஆளு தேறமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார்.

"அப்புறம் எதுக்குண்ணே தேங்காயோட வந்து நிக்கிறீங்க?"

"அவன் கண்ணு முழிக்காம கெடந்தப்ப எம்பொஞ்சாதி ஒச்சாயி வேண்டிக்கிட்டா. பொழைச்சு வந்தா, கோயில்ல அவன் தலையில காய் உடைக்கிறேன்னு."

பொம்மையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெலிக்ஸ் துணியைக் கீழே போட்டார்.

"மண்டையில அடிபட்டவனுக்கு வேண்டிக்க வேற ஒண்ணும் கெடைக்கலையா அக்காவுக்கு? மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கக் கூடாதா?"

"மொட்டையை ஆசுபத்திரியிலயே போட்டுட்டானுகளே, தம்பி."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிப் பாத்துட்டேன். நேத்திக்கடனைத் தள்ளிப்போட்டா இன்னொருக்கா லாரி கவுரும்ங்குறா. நீங்களே இப்படிப் பேசலாமான்னு என் வாயை அடைக்கிறா. மகனும் ஆத்தா பக்கம். தலையில கட்டுற மஞ்சத்துணிக்குள்ள எதையாச்சும் வச்சுக்கடான்னு கெஞ்சி, அதுக்கு மட்டும் ஒத்துக்க வச்சிருக்கேன். வெள்ளிக்கெழமை திருவிழா."

பெலிக்ஸ் இரும்பைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கனமான ரப்பர் மெத்தையை எடுத்தார். புது முட்டை வைத்து, மெத்தையைப் போட்டு, மறுபடி அடித்தார்.

"முட்டை பொழைச்சுச்சு" என்றார் பெலிக்ஸ்.

"காய்?"

"அதுவும் பொழைச்சுச்சு."

ஆண்டிச்சாமியின் முகம் செத்துப்போனது. "காய் உடையலைன்னா விடமாட்டாக, தம்பி. சாமி ஏத்துக்கலைன்னு உடையிற வரைக்கும் அடிக்கணும். அதான் வழக்கம்."

"பூசாரி காதுல விசயத்தைப் போட்டு, ஏற்கெனவே கீறுன காயாக் கொண்டுவரச் சொல்லுங்களேன்."

"அம்மன் முன்னாடி ஊருப் பெரியவுக காயைத் தட்டிப் பாத்துத்தான் எடுத்துக் குடுப்பாக. ஒண்ணும் பண்ண ஏலாது."

"தெரிஞ்சும் அடிப்பாரா அந்தாளு? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல? என்ன ஜென்மமோ!"

ஆண்டிச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பெலிக்ஸ் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அறுத்தார், ஒட்டினார், பிய்த்தார், வைதார். திருச்சி ரோட்டில் விளக்கெரிந்தபோது பொம்மையின் தலையில் மெல்லிய ஃபைபர் ஓடு ஒன்று உட்கார்ந்திருந்தது. நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு, ஓரத்தைச் சுற்றி மட்டும் ரப்பர்.

"இம்புட்டு நேரமும் தப்பாப் பண்ணிட்டேண்ணே. அடி விழுற எடத்துல மெத்தை வைக்கக் கூடாது, அது போய்ச் சேர்ற எடத்துல வைக்கணும். மேடு காயைப் பொளந்துரும். மிச்ச அதிர்ச்சி ஓரமா எறங்கி, நல்ல எலும்புக்குப் போயிரும். அந்த ஓட்டை மேல ஓடு ஒட்டாது."

பெலிக்ஸ் அடித்தார். காய் சரிந்து, ஓட்டின் ஓரத்தில் இடறி, பொம்மையின் காதைப் பெயர்த்துக்கொண்டு போனது. உள்ளே நசுங்கிய முட்டையை வழித்துவிட்டு வேறொன்று வைத்தார்.

"நீங்க ஒருக்கா அடிங்கண்ணே. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

ஆண்டிச்சாமி தயங்கினார். பிறகு ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் சுழற்றி, நரம்பு ஓடும் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரே அடி. காய் இரண்டு சரிபாதியாக விழுந்தது.

பெலிக்ஸ் ஃபைபர் ஓட்டைத் தூக்கினார். முட்டை அப்படியே இருந்தது.

"தேங்கா மண்டிக்காரரா நீங்க? சொல்லவே இல்லையே!" என்று சிரித்தவர், எதிரே இருந்தவர் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம்ணே. இப்ப நீங்க அடிச்சது மாதிரி நேரா மேட்டு மேல விழணும். நான் அடிச்சது மாதிரி ஓரத்துல சரிஞ்சா, ஓடு உள்ளே எறங்கிரும். அப்புறம் உங்க பையனை யாராலயும் காப்பாத்த முடியாது. எல்லாம் அந்தப் பூசாரி கையிலதான் இருக்கு. காலைப் பிடிச்சாவது அவரை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பழக்கி விடுறேன்."

ஆண்டிச்சாமி பொம்மையின் தலையில் ஃபைபர் ஓட்டைத் திரும்பக் கவிழ்த்தார். அடுத்த காயை எடுத்து நரம்பைத் தடவினார்.

"கூட்டிட்டு வர வேண்டியதில்ல தம்பி, எம்மகன் மண்டையில அடிக்கப் போறவனே நான்தேன்."