அண்ணன் போட்ட சுவிட்ச்

“அண்ணே, சுவிட்சைப் போடாதே. வருஷக்கணக்கா தூங்கின கம்ப்யூட்டர். நேரா கரண்ட் குடுத்தா பவர் சப்ளை புகைஞ்சிடும்.”

கூடத்திலிருந்த அண்ணனின் நண்பர்கள் சிரித்தார்கள்.

“அப்பா எனக்கு விட்டுட்டுப் போனதைப் போட இவகிட்ட உத்தரவு வாங்கணுமாம்!” என்றான் அண்ணன்.

விட்டுவிட்டுப் போகவில்லை. அப்பா கண்ணை மூடியதும், “பொம்பளைக்கு எதுக்கு இது?” என்று அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பழைய மாடலில் உலகத்தில் மிஞ்சியிருப்பதே இரண்டோ மூன்றோ, கையேடும் கிடையாது. அப்பாவோடு உட்கார்ந்து அதன் ஒவ்வொரு வயரையும் கற்றவள் தங்கை. அன்று அவளே துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

“சொன்னாக் கேளு. வேண்டாம்.”

அவள் வேண்டாமென்றதை அண்ணன் செய்யாமல் விட்டதே இல்லை. போட்டான்.

பட்டென்று ஒரு சத்தம். குபுகுபுவென்று புகை. நண்பர்கள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடி, அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “எடுத்துட்டுப் போ இந்தக் குப்பையை!”

“இத்தனை பேர் முன்னாடி சொல்றே. அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“கேட்டா என் பேரை மாத்திக்கிறேன்!”

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினாள். கருகியது பவர் சப்ளை மட்டும்தான். அதிலிருந்து போர்டுக்குப் போகும் வயரை, அன்று துணி சுற்றும்போதே அவள் பிடுங்கிவிட்டிருந்தாள். வேறொரு பவர் சப்ளையை மாட்டி, வயரைச் செருகினாள். திரை பச்சையாகக் கண் விழித்தது.

படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே ஃபோன் அலறியது.

“சொல்லுண்ணே, இனிமே உன்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணும்?”