அறையை மாற்றிப் போடும் நாள்

ஜமைக்காவில் ஒருவர் இறந்த ஒன்பதாம் நாள் அவருடைய அறையை மாற்றிப் போடுவது வழக்கம். அன்றிரவு திரும்பி வரும் ஆவி, இது தன் அறை இல்லை என்று நினைத்து ஒரேயடியாகப் போய்விடும். நடிகை வெர்னாவின் கட்டிலை மகள் டாஷா இழுத்துக்கொண்டிருந்தபோது நாடகக் கம்பெனி மேனேஜர் வந்து வாசலை மறித்தார்.

“எதையும் நகர்த்தாதீங்கம்மா. இந்த அறையை இப்படியே நினைவகமா ஆக்கப்போறோம். உங்கம்மா நாட்டோட சொத்து.”

“சொத்தா? நாடகத்துக்கு நாடகம் வேலைக்காரி வேஷம்தானே குடுத்தீங்க? மேடையில நீங்க சாக்பீஸ்ல குறி போட்ட இடத்துல, கையில தட்டோட நின்னுக்கிட்டே இருந்தாங்க. செத்த பிறகும் நிக்கணுமா? அவங்க போகட்டும் சார். ஒரு கை பிடிங்க, இல்ல வழியை விடுங்க.”

அவர் வழியை விட்டார்.

கட்டில் ஜன்னலோரம் போனது. அலமாரி எதிர்ச்சுவருக்குப் போனது. ஒப்பனைக் கண்ணாடி மட்டும் பாக்கி.

“இன்னும் என்னடி பண்றே? பொழுது சாயுது!” முற்றத்திலிருந்து சித்தி கத்தினாள்.

டாஷா கண்ணாடியை இரண்டு பக்கமும் பிடித்தாள். எங்கே போய்விட்டு வந்தாலும் அம்மா முதலில் வந்து நிற்பது இதன் முன்னால்தான்.

“இதோ முடிஞ்சுது சித்தி” என்றாள். பிடித்த கை கண்ணாடியைத் தூக்கவில்லை.