ஏரி நடுவில் நிழல் இல்லை

"இன்னா நாகேஷ், ஏரிக்கு நடுவுல ஒரு நெழல் கூட இல்லியே! மரம் கிரம் வெக்க மாட்டீங்களா?"

கரை சேர்ந்த படகிலிருந்து இறங்காமலே கத்தினார் ஆம்ப்ரோஸ். பெங்களூரிலிருந்து கிளம்பிய மூன்று நாள் சுற்றுலாவின் கடைசி நாள் அது. பஸ்ஸில் வந்த இருபத்திரண்டு பேருக்கும் இந்தக் குரல் பழகிப்போயிருந்தது. முதல் நாள் இட்லி ரொம்ப வட்டமாக இருக்கிறது என்றார். நேற்று, அருவி சத்தம் போடுகிறது என்றார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார்" என்று கும்பிட்டார் டூர் கைடு நாகேஷ்.

அடுத்த முறைக்குக் காத்திருந்த மரகதம் பல்லைக் கடித்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் அறுபது பெண்களை மேய்க்கும் சூபர்வைசர் அவள். ஓர் அதட்டல் போட்டால் தையல் மெஷின்களே மூச்சடக்கும். 'மூணு நாளைக்காவது வாயத் தெறக்காம வா' என்று கணவர் சண்முகம் கேட்டுக்கொண்டதால் சும்மா இருந்தாள்.

இந்தப் படகுக்காகத்தான் அவள் டூருக்கே வந்தாள். 'கனோயிங், ஒரு மணி நேரம், நீங்களே துடுப்புப் போடலாம்' என்று நோட்டீசில் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று. மொட்டை மாடியில் ஒட்டடைக் கம்பை வைத்து ரகசியமாகப் பழகியும் பார்த்திருந்தாள்.

ஆனால் படகுகள் இரண்டே இரண்டு. இரண்டையும் நீளக் கயிற்றால் கரையோடு கட்டியிருந்தார்கள், மேயவிட்ட மாடு மாதிரி. மரகதம் துடுப்பை வலித்தாள். படகு முதலில் முரண்டு பிடித்தது, வட்டமடித்தது, பிறகு மெல்ல அவள் கைக்கு இணங்கி நேராகப் போகத் தொடங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்த அந்த நொடியில் விசில் ஊதிவிட்டார்கள். பத்து நிமிடம் முடிந்ததாம்.

"ஒரு மணி நேரம்னு போட்டிருந்தீங்களே" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டார்.

"லைஃப் ஜாக்கெட்ட ஆரஞ்சு கலர்ல குடுத்திருக்கியே, என் நெறத்துக்கு இது எடுக்குமா?"

"ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். மரகதத்துக்குக் கூசியது. இந்த மனிதரோடு சேர்ந்து தானும் குறை சொல்வதா? கேள்வியை விழுங்கிவிட்டாள்.

அடுத்து, மலைப்பாதையில் இயற்கை எழில் பயணம் என்று போட்டிருந்தது. நேரமில்லை என்று பஸ் நேராக ஆனேக்கல் சாலையைப் பிடித்தது. முன்னால் ஒரு சிமென்ட் லாரி. மலையும் அருவியும் மானும், கட்டப்போகும் அபார்ட்மென்ட்டுகளின் விளம்பரப் பலகைகளில் மட்டும் வந்துவந்து போயின.

"மலைப் பாதைன்னாங்களே மரகதம்?" என்று காதோரம் கேட்டார் சண்முகம்.

"சும்மா இருங்க. அவர மாதிரி நாமளும் புலம்பணுமா?"

சொல்லி முடிக்கவில்லை. ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"நாகேஷ், இன்னாய்யா ரோடு இது? ஒரு வளைவு கூட இல்ல! நான் வாந்தி மாத்திர போட்டுக்கினு ஒக்காந்திருக்கேன். எனக்கு வாந்தியே வரல. மாத்திர வேஸ்டு!"

நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். மரகதத்தின் மூன்று நாள் விரதம் அங்கே முறிந்தது.

"ஏன் சார், நீங்கல்லாம் மனுஷந்தானா? ரோடு நேரா இருந்தா அவரா புடிச்சு வளைப்பாரு? காலைலேர்ந்து அவரு ஒரு வாய் காபி குடிச்சுப் பாத்தீங்களா? புடிக்கலன்னா எறங்கி நடங்க. நாங்க சந்தோஷமாத்தான் வந்தோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல!"

பஸ் முழுக்கக் கைதட்டல். ஆம்ப்ரோஸ் பொத்தென்று சீட்டில் உட்கார்ந்தார். நாகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த மாத்திரத்தில் ஆளாளுக்கு செல்போனை எடுத்து கம்பெனிக்கு ஐந்து ஸ்டார் போட்டார்கள். மரகதம் ஐந்து ஸ்டாரோடு நிற்கவில்லை. 'தங்கமான மனிதர்கள், சொன்னதற்கு மேலேயே செய்தார்கள்' என்று எழுதியும் போட்டாள்.

லிங்கராஜபுரத்தில் வீட்டுக்கு வந்து, காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தபோது போன் அடித்தது. நாகேஷ்தான்.

"மேடம், வெள்ளிக்கிழமை அடுத்த பேட்ச் கெளம்புது. நீங்களும் சாரும் வரணும். இனிமே மாசம் ரெண்டு டூர், எல்லாமே கம்பெனி செலவு."

"ஐயோ, நாலு வார்த்தை நியாயத்தப் பேசினதுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மரகதம், பெருமை தாங்காமல்.

"அதுக்குத்தான் மேடம். குறை சொல்றதுக்கு ஆம்ப்ரோஸ் சார் நாலு வருஷமா எங்க கிட்ட வேலையில இருக்காரு. அவர அடக்கறதுக்குத்தான் சரியான ஆள் கெடைக்காம இருந்துச்சு."