ஒரு கணம் பிந்தி

பதுளையில் வீடியோ கேம் இறுதிப்போட்டி. ஜெயித்தால் கொழும்பில் ஆடலாம். திரையில் தன் வீரன் குதித்த கணமே அவனைத் தரையில் சறுக்கிப் பாயவிட்டு அடிப்பதுதான் கிரிஷாந்தனின் வித்தை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் பழைய டீவியில் பழகியது.

இன்று புதுத் தட்டை டீவி; ஒவ்வொரு சறுக்கலும் பிந்தியது.

"என்னடாப்பா, கால் வழுக்குதோ?" என்று சிரித்தான் எதிராளி சேந்தன். அவன் வீட்டிலும் இதே மாதிரித் தட்டை டீவி.

கிரிஷாந்தன் போட்டி நடத்துபவரிடம் ஓடினான். "அண்ணே, இந்தப் புது டீவியில பட்டனை அழுத்தினா படம் லேட்டாத்தான் அசையுது. முந்தி இருந்த பழசையே வைங்க."

"மாத்திடலாம் தம்பி. ஆனா, நீ நல்லா வெளையாடணும்னு கடை முதலாளிகிட்டக் கெஞ்சி இதைக் கொண்டாந்ததே உங்க அக்காதான்."

முன்வரிசையிலிருந்து அக்கா சந்திரகாந்தி கேட்டாள்: "படம் பளிச்சுன்னு தெரியுதா தம்பி?"

"தெரியுதுக்கா" என்று சொல்லி, கிரிஷாந்தன் மறுபடியும் அதன்முன் உட்கார்ந்தான்.