ஆறாவது புகார்

சத்தம் அளக்கும் கருவியோடு ஆல்சிட் உள்ளே நுழைந்ததும் ஏர்லீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி ஆய்வாளரான அவர் அவளுடைய உணவகத்துக்கு வருவது இது ஆறாவது வியாழக்கிழமை.

"மறுபடியும் புகாரா சார்?"

"ஆமாம்மா. மத்தியான ஜாஸ் கச்சேரி காதைக் கிழிக்குதாம்."

மேடையை ஒட்டிய மேசையில் கருவியை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏர்லீன் கொண்டுவந்து வைத்த இறால் சூப் ஆறிப்போனது. கடைசி டிரம்பெட் ஓய்ந்த பிறகுதான் எழுந்தார்.

"அளவுக்குள்ளதான் இருக்கு. பயப்படாதீங்க."

"போதும் சார். இன்னியோட கச்சேரியை நிறுத்தப்போறேன். எத்தனை வாரம்தான் பயந்து சாகறது?"

ஆல்சிட் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்திடாதீங்கம்மா. இனிமே புகார் வராது."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

அவர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

"இதே ஊர்ல பொறந்து, அம்பத்து மூணு வயசு வரைக்கும் நான் ஜாஸை நேர்ல கேட்டதே இல்ல. வேலை நேரத்துல வந்து கேக்க வேற வழியும் தெரியல. முதல் புகார் மட்டும்தான் நிஜம். மத்த அஞ்சும் நான் போட்டது."